வீட்டில் ஒரு நாய் இருக்கும்போது டெரியர் குட்டி வாங்கலாமா?

மதுரைப் பக்கம் ஒரு ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ நாட்டு நாயோ ஏற்கனவே இருக்கிற வீட்டில், இரண்டாவதாக ஒரு சின்ன ஜாதி நாய் வேண்டும் என்ற ஆசை பெரும்பாலும் பிள்ளைகளிடமிருந்துதான் கிளம்புகிறது. டெரியர் எனப்படும் சின்ன வேட்டை நாய்களில் ஒன்றான ஜாக் ரஸ்ஸலின் குட்டி பந்தைத் துரத்தும் வீடியோவைப் போனில் பார்த்திருப்பார்கள். பெரியவன் பாட்டுக்கு வாசலில் கிடப்பான், இது பாட்டுக்கு உள்ளே ஓடும் என்று வீட்டுப் பெரியவர்களும் சம்மதித்துவிடுவார்கள். என் மதினி கேட்டதும் இப்படித்தான்: “சின்னதுதானே தம்பி, அது என்ன செஞ்சிரப் போகுது?”

அது செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதற்கு நேரக்கூடியது அதைவிட அதிகம். டெரியர் உங்கள் வீட்டுக்குச் சரிப்படுமா என்பதற்கு முக்கால்வாசி பதில் வாசலில் படுத்திருக்கிற நாயிடம் இருக்கிறது. பெரியது உறுமினாலும் ஒதுங்கிப் போகாத ஒரு சின்ன நாயை உங்கள் நாயால் பொறுத்துக்கொள்ள முடியுமா? நான் முதலில் கேட்பது இதைத்தான். நிறம், முடி, விலை எல்லாம் அப்புறம்.

ஒதுங்கிப் போகாத அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். ஜாக் ரஸ்ஸல் இனத்தின் பெயருக்குக் காரணமான ஜான் ரஸ்ஸல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்தவர். நரி வேட்டை என்றால் உயிர். 1819-இல் ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும் காலத்தில் ஒரு பால்காரரிடம் ட்ரம்ப் என்ற பெட்டை டெரியரை வாங்கினார், இந்த வம்சம் அதிலிருந்து தொடங்கியது என்பார்கள். வேட்டையில் இந்த நாயின் வேலை என்ன தெரியுமா? பெரிய நாய்கள் துரத்த, நரி வளைக்குள் புகுந்துகொள்ளும். அப்புறம் இது தனியாக அந்த இருட்டுக்குள் இறங்கி, ஏறத்தாழ தன் எடையே உள்ள நரியின் முகத்துக்கு நேரே நின்று குரைத்து, அதை வெளியே கிளப்ப வேண்டும். எஜமானின் குரல் அங்கே எட்டாது. முடிவெடுப்பது நாய்தான். பயந்து திரும்பிய நாயை யாரும் குட்டி எடுக்க வைத்துக்கொள்ளவில்லை. இப்படிப் பின்வாங்காதவற்றையே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில் ஊறிய குணம் அது. நரியே இல்லாத நாராயணபுரத்து மாடிவீட்டுக்கு வந்தாலும் அந்தக் குணம் கூடவே வரும்.

நாய்களுக்குள் நடக்கிற தகராறு பெரும்பாலும் கடியில் முடிவதில்லை. ஒன்று உறுமினால் இன்னொன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும், காதை மடக்கும், மெல்ல விலகும். விஷயம் அதோடு முடிந்தது. நம் தெரு நாய்களைக் காலையில் டீக்கடை முன்னால் கொஞ்சநேரம் பார்த்தாலே இது தெரியும். டெரியர்களில் பல இந்த இடத்தில் விலகாது. ஒரு எட்டு முன்னால் வைக்கும். எதிரே நிற்பது ஒரு சாதுவான லேப்ராடர் என்றால் அது பார்த்துச் சகித்துக்கொள்ளும். ராஜபாளையம் என்றால்?

ராஜபாளையத்தின் தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர். ஜாக் ரஸ்ஸலுக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர், எடை ஐந்தாறு கிலோ. காட்டுப்பன்றி வேட்டைக்கும் பண்ணைக் காவலுக்கும் வளர்த்த நாய் ராஜபாளையம்; தன் எல்லைக்குள் வருகிற வேற்று நாயை அது லேசில் ஏற்றுக்கொள்ளாது. கோம்பையும் ஏறக்குறைய அப்படித்தான். சிப்பிப்பாறையும் கன்னியும் வேறு மாதிரி. அவை கண்ணால் கண்டு துரத்துகிறவை, முயல் வேட்டை நாய்கள். சின்னதாக, வேகமாக, கீச்சென்று கத்திக்கொண்டு ஒன்று குறுக்கே ஓடினால் அவற்றின் உடம்பு தானாகக் கிளம்பிவிடும். ராஜபாளையத்திடம் பயப்பட வேண்டியது அதன் கோபத்துக்கு. சிப்பிப்பாறையிடம் பயப்பட வேண்டியது கோபமே இல்லாத அந்தத் துரத்தலுக்கு. நேற்றுவரை ஒன்றாகப் படுத்திருந்த குட்டியைக்கூட, அது அலறிக்கொண்டு ஓடுகிற ஒரு நொடியில் முயலாகப் பார்த்துவிடலாம்.

பெரிய நாய் சின்ன நாயைக் கவ்வி உதறினால் வெளியே தெரிவது இரண்டு பல் தடம் மட்டும்தான். ‘லேசான காயம்தான், மஞ்சள் வைத்தால் ஆறிவிடும்’ என்று சொல்லிவிடுகிறார்கள். தோலுக்கு அடியில் தசை நசுங்கி, விலா எலும்பு உடைந்து, நுரையீரலோ குடலோ கிழிந்திருக்கலாம். எத்தனை சின்ன ஓட்டையாக இருந்தாலும் அன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

மதினி வீட்டுக்கே வருகிறேன். அண்ணன் வீடு ஊமச்சிகுளம் தாண்டி, சுற்றிலும் காலி மனைகள். இருப்பது நடுவயதுச் சிப்பிப்பாறைக் கடுவன். மனிதர்களிடம் பசு மாதிரி இருப்பான். குட்டி வாங்குவதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று, தெரிந்தவர் ஒருவரின் ஜாக் ரஸ்ஸல் பெட்டையை விடியற்காலையில் வரவழைத்தோம். இரண்டு பேரின் நிலமும் இல்லாத ஒரு காலி மனை. இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் அது, நடுவில் நல்ல இடைவெளி விட்டு ஒரே திசையில் நடந்தோம். பெட்டை நடக்கவே இல்லை. பெல்ட்டை இழுத்துக்கொண்டு முன்னங்கால் தரையில் படாமல் நின்று, கத்திக்கொண்டே இருந்தது. இவன் ஒரு சத்தமும் போடவில்லை. ஆரம்பத்தில் தொங்கவிட்டிருந்த நாக்கு உள்ளே போய் வாய் மூடிக்கொண்டது. காது இரண்டும் முன்னுக்கு வந்தன. ஒரு முன்னங்காலைப் பாதி தூக்கியபடி அப்படியே உறைந்து நின்றுவிட்டான். அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிட்டார், பிஸ்கட் நீட்டினார். கண் அசையவில்லை.

குரைத்திருந்தால்கூட நான் யோசித்திருப்பேன். அந்த மௌனமும் அந்த ஒரு காலும்தான் பதில். இந்த வீட்டுக்கு ஜாக் ரஸ்ஸல் வேண்டாம் மதினி என்று அங்கேயே சொல்லிவிட்டேன். இதே இடத்தில் இரண்டும் மூக்கைத் தரையில் வைத்து மோந்துகொண்டு, அவ்வப்போது ஒன்றை ஒன்று பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்திருந்தால், நெருங்க விடலாம் என்று பொருள். உடம்பு தளர்வாக ஆடுகிறதா, விறைத்து நிற்கிறதா என்பதைப் பாருங்கள். வாலை ஆட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். விறைத்து மேலே நிமிர்ந்த வாலும் ஆடும்.

அப்படியென்றால் ஜாக் ரஸ்ஸல் எந்த வீட்டுக்கு? சில வீடுகளுக்கு நன்றாகவே சேரும். வேட்டைக்காலத்தில் டெரியர்கள் பெரிய நாய்க் கூட்டத்தோடு சேர்ந்து போய்வந்தவைதான், மற்ற நாயே ஆகாது என்று சொல்லிவிட முடியாது. இரண்டு மூன்று வயதில் விளையாட ஆள் தேடிக்கொண்டிருக்கிற லேப்ராடர் இருக்கிற வீடு நல்ல வீடு. கருத்தடை செய்த, தெருவிலேயே வளர்ந்து வந்த நாட்டுப் பெட்டையும் நல்ல துணை. நாட்டு நாய்களுக்கு நாய்ப்பேச்சு தெரியும். துடுக்கான குட்டியை எங்கே தட்டி வைக்க வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்று நிதானமாகச் செய்யும். ஆனால் தினம் காலை மாலை நன்றாக ஓடவிட ஆள் வேண்டும். ஓட்டம் கிடைக்காத ஜாக் ரஸ்ஸல் மிச்சமிருக்கிற தெம்பையெல்லாம் கூட இருக்கிற நாயின் காதிலும் வாலிலும்தான் காட்டும். வயதான நாய் இருக்கிற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். மூட்டு வலியோடு படுத்திருக்கும் பத்து வயது நாயை நாள் முழுக்கக் கடித்து இழுக்கிற குட்டியிடம் ஒப்படைப்பது கொடுமை.

யார்க்‌ஷயர் டெரியரைப் பலரும் டெரியராகவே நினைப்பதில்லை. பட்டுமுடியும் ரிப்பனும் அப்படி மயக்குகின்றன. வட இங்கிலாந்து ஆலைகளில் எலி பிடித்த நாயின் வம்சம்தான் இதுவும். எடை மூன்று கிலோவை ஒட்டித்தான் இருக்கும். குணத்தில் ஜாக் ரஸ்ஸலைவிட அடக்கம், வீட்டுக்குள் ஓடுவதே அதற்குப் போதும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய நாய் பாசத்தோடு முன்னங்காலைத் தூக்கி வைத்தாலே இதன் எலும்பு தாங்காது. நான் பார்த்தவரை லேப்ராடர் வீடுகளில் யார்க்கிக்கு ஆபத்து பகையால் வருவதில்லை, விளையாட்டால் வருகிறது. ஏற்கனவே இருப்பது பொமரேனியன், பக் மாதிரி சின்ன நாய் என்றால் யார்க்கி பொருந்தும். முழங்கால் சில்லு நழுவுவதும் பல் கெடுவதும் இந்த இனத்தில் சகஜம். முடியைத் தினம் சீவ வேண்டும், இல்லையென்றால் குட்டையாக வெட்டிவிட வேண்டும்.

வெஸ்ட் ஹைலேண்ட் வைட், ஸ்காட்டிஷ் இரண்டும் குளிர்ப் பிரதேசத்து இரட்டை முடிக்காரர்கள். சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியைத் தொடுகிற ஊருக்கு அவற்றைக் கொண்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை. வெஸ்டிக்குத் தோல் ஒவ்வாமை வேறு அதிகம் வரும். ஏசி இருக்கிறது என்பார்கள், கரண்ட் போனால் என்ன செய்வது?

டெரியர் வேண்டாம் என்று முடிவானால் பலர் நேராக டாஷ்ஹண்டுக்குப் போகிறார்கள். அதுவும் வளைக்குள் இறங்க வளர்த்த நாய்தான், ஜெர்மனியில் பேட்ஜர் எனப்படும் வளைக்கரடியை எதிர்க்க வளர்த்தது. பிடிவாதம் அதே அளவு. கூடவே நீண்ட முதுகெலும்பு. பெரிய நாய் மேலே விழுந்து புரண்டால் முதுகுத்தட்டு நழுவிப் பின்னங்கால் செயலிழக்கும் அபாயம் உண்டு. பீகிள் இதற்கு நேர் எதிர். முப்பது, நாற்பது நாய்கள் கூட்டமாக ஓடி வேட்டையாட வளர்த்த இனம், இன்னொரு நாயோடு இருப்பதுதான் அதற்கு இயல்பு. தோள் உயரம் 33 முதல் 40 சென்டிமீட்டர் என்பதால் அத்தனை எளிதில் நசுங்காது. ஊளை பெரிதாக இருக்கும், தின்று கொழுக்கும், மோப்பம் பிடித்துக் கேட்டுக்கு வெளியே போய்விடும். இதெல்லாம் சமாளிக்கக்கூடிய குறைகள். இன்னொரு நாயோடு ஒத்துப்போகிற சின்ன நாய்தான் தேவை என்றால், டெரியர் எதையும்விட பீகிளைத்தான் நான் முதலில் சொல்வேன்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: தெருவில் பிறந்த நாட்டுக் குட்டி. நம் வெயிலுக்கும் சோற்றுக்கும் பழகிய உடம்பு. தாயோடும் கூடப் பிறந்ததோடும் சில வாரம் கூடுதலாக இருந்த குட்டியாகப் பார்த்து எடுத்தால், நாய்களுக்குள் எப்படி நடந்துகொள்வது என்பதை அங்கேயே படித்துவிட்டு வரும். வளர்ந்தால் நடுத்தர உயரம் வரும் என்பதால், பெரிய நாய் சீண்டினாலும் உயிர்ச்சேதம் என்ற பயம் குறைவு. அண்ணன் வீட்டுக்கு நான் சொன்னது இதைத்தான். பிள்ளைகளுக்கு முதலில் முகம் வாடியது உண்மை. மதினிக்கு மட்டும் உடனே பிடித்துப்போயிற்று.

கடுவனா பெட்டையா என்பதைக் கடைசியில் யோசிக்கிறவர்களே அதிகம், அதை முதலிலேயே யோசிக்க வேண்டும். இருப்பது கடுவன் என்றால் வருவது பெட்டையாக இருக்கட்டும், இருப்பது பெட்டை என்றால் கடுவன். ஒரே பாலாக இரண்டை வைத்தால், டெரியர்களில் சண்டைக்கு வாய்ப்பு மிக அதிகம். இரண்டு பெட்டைகளுக்குள் ஒருமுறை முறிந்துவிட்டால் அநேகமாக ஆறவே ஆறாது. ஜாக் ரஸ்ஸல் வளர்ப்பில் பழகியவர்கள் இரண்டு டெரியர்களைத் தனியே விட்டுவிட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்வது சும்மா இல்லை. ஆண் பெண் என்று வைத்தால் கருத்தடை ஆபரேஷன் கட்டாயம். ராஜபாளையக் கடுவனால் யார்க்கிப் பெட்டை சினையானால், குட்டி வெளியே வர முடியாமல் தாயின் உயிரே போய்விடலாம்.

குட்டியாக இருக்கும்போது இரண்டும் ஒன்றாகத் தூங்கியதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. பெரிய நாய்கள் குட்டிக்குச் சலுகை கொடுக்கும். வளர வளர அந்தச் சலுகை குறையும், ஒன்றரை, இரண்டு வயதில் அது முழு நாயாகும்போது மிச்சம் எதுவும் இருக்காது. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் தட்டுக்கோ சோபாவுக்கோ முதல் உண்மையான சண்டை வருவது அந்த வயதில்தான்.

வீட்டையும் பார்க்க வேண்டும். செல்லூர் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீட்டில் ஒரு டெரியர் குரைக்க ஆரம்பித்தால், இருக்கிற நாயும் சேர்ந்துகொள்ளும், தெருவே எழும்பும். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் கொல்லையில் கோழியும் சேவலும் மேய்கிற வீடுகளுக்குச் சொல்லவே வேண்டாம். கோழியைத் தொடாத டெரியர் அபூர்வம். மதுரைச் சாக்கடைப் பெருச்சாளிகளை இது ஒரு கை பார்க்கும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. பார்க்கும்தான். ஆனால் நம் பெருச்சாளி ஒரு கிலோவுக்கு வளரும், திருப்பிக் கடிக்கும். எலிக்காய்ச்சல் பரவுவது எலி, பெருச்சாளிகளின் சிறுநீரால். பக்கத்து வீட்டில் வைத்த மருந்தைத் தின்ற எலியை இது கவ்வினால், ரத்தம் உறையாமல் நாலைந்து நாள் கழித்துச் சோர்ந்து விழும். போடுகிற கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலும் சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வருடா வருடம் திரும்பப் போடுங்கள். வயலை ஒட்டிய வீடு என்றால் பாம்பு. புற்றையும் பொந்தையும் தோண்டாதே என்று டெரியரிடம் சொல்லி ஆகாது.

இத்தனையும் பார்த்த பிறகு, சரி, எங்கள் நாய்க்கு ஒத்துவரும், வாங்குகிறோம் என்றால், பழக்குகிற விதத்தில் அவசரம் கூடாது. புதுக் குட்டியை இரண்டு வாரம் தனி அறையில் வைக்கலாம். பார்வோ மாதிரி நோய் ஏதாவது கொண்டுவந்திருந்தால் அதற்குள் தெரிந்துவிடும், கதவிடுக்கு வழியாக இரண்டும் மோந்து பழகியும் இருக்கும். முதல் சந்திப்பு வீட்டு வாசலில் நடக்க வேண்டாம். வெளியே, வெயில் ஏறுவதற்கு முன், நான் மேலே சொன்ன மாதிரி பக்கவாட்டில் நடந்து தொடங்குங்கள். குட்டிக்கு எல்லா ஊசியும் முடிந்திருக்காது என்பதால், தெரு நாய்கள் புழங்காத இடமாக, மொட்டைமாடி மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு தனித்தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. எலும்புத்துண்டை ஒன்றாக இருக்கும்போது போடவே கூடாது. நாம் வீட்டில் இல்லாத நேரத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்க வேண்டும், முதல் ஒரு வருடமாவது. இருக்கிற நாய்க்கு முன்பு கிடைத்த வாக்கிங்கும் கொஞ்சலும் ஒரு சொட்டும் குறையக் கூடாது.

சண்டை வந்துவிட்டால் நடுவில் கையைக் கொடுக்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் அடியுங்கள், தட்டையோ மூடியையோ போட்டுச் சத்தம் எழுப்புங்கள். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஆளுக்கு ஒரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னோக்கி இழுக்கலாம். ஆனால் கவ்விக்கொண்டு விடாதிருக்கும்போது இழுத்தால் சதை கிழியும், பிடி தளர்ந்த நொடியில்தான் இழுக்க வேண்டும். உங்களைப் பல் பட்டிருந்தால், வீட்டு நாய்தானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

குட்டி வாங்கும் இடத்தில் தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் மற்ற நாய்களிடம் எப்படி நிற்கிறது என்பதில் குட்டியின் குணம் பாதி தெரிந்துவிடும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு விற்பனை விதியே சொல்கிறது. இன்னும் சின்னதாக இருந்தால் பழகிவிடும் என்று நீட்டினால் வாங்காதீர்கள். தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டிதான் கடிக்கு அளவு தெரியாமல் வளரும். ஒத்துவராவிட்டால் குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டோம் என்றால், அதைப் பொறுப்பாக வைத்துக்கொள்ளக்கூடிய, நாய் இல்லாத ஒரு சொந்தக்காரர் வீட்டை முதலிலேயே பேசி வையுங்கள். அப்படி ஒரு வீடு அமையவில்லையென்றால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.